நான் அடிக்காத ஹோர்ன்

ஒரு மனிதரின் நிரந்தர வேலையை நான் இரண்டு பக்கங்களில் இல்லாமல் செய்திருக்கிறேன். நல்ல கையெழுத்தில், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் போய் முடித்த முதல் ஆள் நான். "உந்தப் படிப்பு ஒருநாள் ஆருக்காவது உதவும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். எப்படி உதவும் என்று அவர் விளக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

நடந்தது ஜெர்மனியின் வடக்கில், கடலோர நகரம் ஒன்றில். ஊரின் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்ட மனிதர் இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறார் (அவருக்கு நான் செய்தது போதும்).

துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது ஒரு மூட்டை எத்தனை கிலோ என்று அப்பா கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவர். மகன் மேற்படிப்புக்கு என்று வெளிநாடு போய் அங்கேயும் மூட்டைதான் சுமக்கிறான் என்று நினைத்துவிட்டார். "இல்லையப்பா, நான் தூக்கிறேல்லை, ஓட்டுறன்" என்று விளக்க ஒரு தொலைபேசி அட்டை முழுதாக முடிந்தது.

உண்மையில் நாங்கள் ஏற்றுவது கார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம் புதிய கார்கள். கப்பல் என்பது கடலில் மிதக்கும் பன்னிரண்டு மாடிக் கார் தரிப்பிடம். ஒவ்வொரு மாடியையும் தட்டு என்போம். எட்டுப் பேர் கொண்ட குழு. ஆளுக்கொரு காரை எடுத்து, சரிவுப் பாதையில் ஏறி, கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிறகு வேனில் ஏறித் திரும்பி வந்து அடுத்த காரை எடுக்க வேண்டும். ஒரு ஷிப்டில் இதையே திரும்பத் திரும்பச் செய்வோம். இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு கைமுட்டி அகலம்தான் இருக்கலாம். முன்னும் பின்னும் ஓர் அடி. காரில் கீறல் விழக்கூடாது என்பதால் எங்கள் உடுப்பில் பொத்தான் கிடையாது, ஜிப் கிடையாது. பெல்ட், கைக்கடிகாரம், மோதிரம், தொலைபேசி எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். சட்டைப்பையில் பேனா வைத்திருப்பதும் குற்றம்.

நான் பேனா வைத்திருந்தேன்.

ஏனென்றால் நான் சரக்குப் போக்குவரத்து முகாமைத்துவத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கப்பலில் எத்தனை காரை எந்த ஒழுங்கில் ஏற்றினால் நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் படிப்பு. வேலைக்கு நடுவே ஏதாவது தோன்றினால் குறித்துவைக்க வேண்டாமா? குழுவில் எல்லோரும் என்னை "டொக்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள். அதை மரியாதை என்று இரண்டு மாதங்கள் நம்பினேன்.

அந்த வேலையை எடுத்துத் தந்தவர் சிவநேசன் அண்ணை. அவருடைய வீட்டு மேல்மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். அண்ணை அகதியாக வந்தவர். துறைமுகத்தில் பதினோரு வருடங்கள், ஆள் தேவைப்படும் நாளுக்கு மட்டும் கூப்பிடும் பட்டியலில் இருந்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு மணிக்கு அவர் தொலைபேசி எடுத்து நாளைக்கு வேலை உண்டா என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு மணிக்கு வீட்டில் ஒருவரும் சத்தம் போடக்கூடாது. அவருடைய மனைவி வசந்தி அக்கா கறி தாளிக்கக்கூட மாட்டார். அண்ணை ஓம் என்று தலையாட்டினால் அடுப்பு எரியும். இல்லையென்றாலும் எரியும், கொஞ்சம் பிந்தி.

அந்த அண்ணையைத்தான் ஆறு மாதங்களாகத் தற்காலிகக் குழுத்தலைவராக வைத்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்து. இடையில் அவருடைய குழுவில் விபத்தோ சேதமோ வரக்கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. அக்கா வெள்ளிக்கிழமைக்கென்று கேக்குக்குச் சொல்லியிருந்தார்.

இது நடந்தது செவ்வாய்க்கிழமை.

ஹோர்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கப்பலுக்குள்ளே யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. நீளமாக ஒரு ஹோர்ன் கேட்டால் ஆளுக்கு ஆபத்து என்று அர்த்தம். முழுக் கப்பலிலும் வேலை நிற்கும். பாதுகாப்பு அதிகாரி வருவார், அறிக்கை எழுதப்படும். நான் வருவதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு யூர்கன் என்ற ஓட்டுநர், பின்னால் வந்த காருக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவே அகப்பட்டு ஐந்தாம் தட்டில் இறந்துபோனார். அவர் வேனில் இல்லை என்பதை ஆட்களை எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். தேடிப் போய்க் கண்டவர் சிவநேசன் அண்ணை. அன்று ஹோர்ன் அடித்தவரும் அவர்தான். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு தடவைதான் கதைத்தார். "அது கிடந்த கிடையைப் பாத்தனான் தம்பி. பேந்து எனக்கு மூண்டு மாசம் சோறு இறங்கேல்லை." அவ்வளவுதான் சொன்னார்.

பாதுகாப்பு வகுப்பில் இந்த விதிகளையெல்லாம் குறிப்பெடுத்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கோப்பி குடித்தார்கள்.

அன்று காலை ஷிப்டில் ஏழாம் தட்டின் கடைசி மூலையை நிரப்பிக்கொண்டிருந்தோம். வழக்கமாக வரிசையின் வலது ஓரத்திலிருந்து, கப்பல் சுவரை ஒட்டித் தொடங்குவோம். ஓட்டுநர் இடப்பக்கக் கதவால் இறங்கிப் போவார். அதன் பிறகு அடுத்த கார் இடது பக்கத்தில் வந்து ஒட்டி நிற்கும். ஆனால் அன்று தென்னாபிரிக்காவுக்குப் போகும் கார் ஒன்று கலந்து வந்துவிட்டது. ஸ்டியரிங் வலப்பக்கம்.

"டொக்டர் எடுக்கட்டும். எங்கட பெடியன் வலப்பக்க ஸ்டியரிங்கிலதான் பழகினவன்" என்று அண்ணை பெருமையாகச் சொன்னார். (ஊரில் நான் ஓட்டியது மோட்டார் சைக்கிள். அதற்கு ஸ்டியரிங் நடுவில் இருக்கும். ஆனால் ஒருவர் நம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும்போது குறுக்கே பேசலாமா?)

அப்படிப்பட்ட காரைச் சுவரோரம் நிறுத்தினால் ஓட்டுநரின் பக்கக் கதவு திறக்காது. கியரைத் தாண்டிப் பக்கத்து இருக்கைக்குப் போய், இடப்பக்கக் கதவால் உடனே இறங்கிவிட வேண்டும். கார்களுக்குக் கைகாட்டி இடம் சொல்பவன் ஊவே. கார் நின்றதும் எட்டு வரை மனதுக்குள் எண்ணுவான். பிறகு திரும்பிப் பார்க்காமலே அடுத்த காரைக் கூப்பிடுவான். இருபது வருடங்களாக அவனுடைய எட்டுக்குள் இறங்காத மனிதர் இல்லை.

நான் அழகாக நிறுத்தினேன். சுவருக்கும் காருக்கும் சரியாக ஒரு கைமுட்டி. கை பிரேக் போட்டேன். சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். கியரைத் தாண்டக் காலைத் தூக்கினேன். பேனா விழுந்தது.

அது இருக்கைக்கு அடியில் உருண்டு போனது. வாடிக்கையாளரின் காரில் ஒரு பொருளையும் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது விதி. டர்பன் நகரத்தில் யாரோ ஒருவர் தன் புதுக் காரில் ஏறும்போது என்னுடைய நீலப் பேனா அவருடைய காலடியில் உருண்டால்? விசாரணை வரும். யாருடைய குழு என்று கேட்பார்கள். சிவநேசன் என்பார்கள். அந்த எட்டு நொடிகளில் நான் இவ்வளவையும் யோசித்து, தலையை இருக்கைக்கு அடியில் விட்டுப் பேனாவைத் தேடினேன்.

பேனா கிடைத்தது. நிமிர்ந்தேன். இடப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே, ஒரு கைமுட்டி தூரத்தில், இன்னொரு காரின் கண்ணாடி இருந்தது. அதன் ஓட்டுநர் இறங்கிப் போய்விட்டார். பின்னாலும் ஒரு கார் ஓர் அடியில் வந்து நின்றது. வலப்பக்கம் சுவர், முன்பக்கம் தூண். ஓட்டுபவர் பார்க்கச் சின்னச் சின்ன இடைவெளிகளை மட்டும் விட்டு, காரைச் சுற்றி வெள்ளைப் பாதுகாப்புத் தாள் வேறு ஒட்டியிருந்ததால், உள்ளே ஓர் ஆள் இருப்பதை வெளியே யாரும் காண முடியாது.

கண்ணாடியை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. கப்பலில் போகும் கார்களில் மின்கலம் தேயாமல் இருக்க, இயந்திரமும் ஹோர்னும் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தி வைத்திருப்பார்கள். இதுவும் வகுப்பில் குறிப்பெடுத்ததுதான். கண்ணாடியில் விரலால் தட்டினேன். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல, மெதுவாக. கப்பலின் காற்றாடிகள் இரைகிற இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை.

ஸ்டியரிங்கின் நடுவில் ஹோர்ன் இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் முடிந்தது.

அழுத்தவில்லை. அழுத்தினால் கப்பல் நிற்கும், அறிக்கை வரும், வெள்ளிக்கிழமை போய்விடும். பதினோரு வருடப் பின்னேரங்கள் என் உள்ளங்கைக்குக் கீழே இருந்தன. அழுத்தாவிட்டால்? தட்டு முடிந்ததும் அண்ணை ஆட்களை எண்ணுவார். ஒருவன் குறைவான். சத்தமில்லாமல் வந்து என்னை எடுத்துவிடுவார். ஒருவருக்கும் தெரியாது. மிகவும் சரியான தீர்மானம் என்று பட்டது. பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஒரு சின்ன வரைபடம்கூடப் போட்டுப் பார்த்தேன்.

சக்கரங்களுக்குக் கட்டுப்பட்டி பூட்டுகிறவர்கள் வந்தார்கள். நான் இருந்த காரையும் தரையோடு சேர்த்துக் கட்டினார்கள். கீழே நகர்ந்த ஒரு தலைக்கவசத்தைப் பார்த்து நான் கையசைத்தேன். தலைக்கவசம் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் போனதும் தட்டின் விளக்குகள் அணைந்தன.

இருட்டில் அரை மணி நேரம் இருந்திருப்பேன். புதுக் காரின் வாசனை நல்லதென்று சொல்வார்கள். ஐந்து நிமிடங்களுக்கு நல்லதுதான்.

அப்போது கேட்டது. கீழே எங்கோ ஒரு ஹோர்ன். நீளமாக, நிறுத்தாமல். காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. முழுக் கப்பலும் மூச்சை அடக்கியதுபோல இருந்தது.

யாரோ ஒருவன் போய்விட்டான். எங்கள் எட்டுப் பேரில் ஒருவன். யார் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஊவேக்கு இரண்டு பிள்ளைகள் என்பது நினைவுக்கு வந்தது. நல்லவேளை, இந்த நேரத்தில் நானும் ஹோர்ன் அடித்துத் தொந்தரவு கொடுக்கவில்லை என்றும் நினைத்தேன் (இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்). கைகளைக் கூப்பி, கண்களை மூடி, இறந்துபோன அந்த மனிதனின் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று மனதார மன்றாடினேன். அவனுடைய தாய் தகப்பனுக்காகவும் தனியாக ஒருமுறை.

விளக்குகள் எரிந்தன. சப்பாத்துகள் ஓடும் சத்தம். கைவிளக்கு வெளிச்சங்கள் கார்களுக்கு அடியில், தரையோடு தரையாக நகர்ந்தன. அவர்கள் நிமிர்ந்து தேடவில்லை, குனிந்து தேடினார்கள். பிறகு அந்தக் குரல் கேட்டது. ஜெர்மனியின் ஒரு கப்பலுக்குள், ஏழாம் தட்டில், தமிழில்.

"தம்பி! எங்கயடா கிடக்கிறாய்? டேய் தம்பி!"

நான் யாருக்காக மன்றாடினேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஹோர்னை அழுத்தினேன். நீளமாக அடிக்கப் பயம். நீளம் என்றால் ஆபத்து என்றல்லவா அர்த்தம்? எனக்கு ஆபத்து இல்லையே. அதனால் சின்னதாக இரண்டு தடவை, "பீப், பீப்."

கைவிளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. பிறகு ஊவே ஜெர்மனில் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அண்ணை கார்களின் இடைவெளிகளில் பக்கவாட்டாக நெருக்கிக்கொண்டு வந்து, முன் கண்ணாடியின் தாளைக் கிழித்து, கைவிளக்கை என் முகத்தில் அடித்தார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையில் பேனா இருந்தது.

அவர் திட்டவில்லை. கைவிளக்கைத் தலை முதல் கால் வரை ஓட்டி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, பக்கத்துக் காரின் சக்கரத்தடியில் வாந்தி எடுத்தார்.

"காரில் படவில்லை" என்று ஊவே குனிந்து பார்த்து எல்லோருக்கும் அறிவித்தான். இருபது வருடப் பழக்கம்.

பதினொரு கார்களை அவிழ்த்து வெளியே எடுத்த பிறகுதான் என் கதவு திறந்தது. கப்பலை இழுத்துப் போக வந்த படகுகள் வெளியே காத்துக்கொண்டிருந்தன. மேல்தட்டிலிருந்து கப்டன் எட்டிப் பார்த்தார். நான் அவருக்கும் வணக்கம் சொன்னேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்போம். அறிக்கை எழுத அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கதவுக்கு வெளியே அண்ணை என் கையைப் பிடித்தார்.

"பேனா விழுந்தது, எடுக்கக் குனிஞ்சனான், இறங்க ஏலாமல் போட்டுது. உவ்வளவும் சொன்னாக் காணும். கன கதை கதையாத, விளங்குதோ?"

"நான் பாத்துக்கொள்ளுறன் அண்ணை. நீங்கள் யோசிக்காதேங்கோ."

பாதுகாப்பு அதிகாரி ஐம்பது வயதுப் பெண். நல்லவர். தண்ணீர் தந்தார். வாயால் சொல்கிறீர்களா, எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அதுவரை அந்த அறையில் யாரும் "எழுதித் தருகிறேன்" என்று பதில் சொன்னதில்லை என்று பின்னர் அறிந்தேன். நான் எழுதினேன். அதே பேனாவால், இரண்டு பக்கம். என் மனதில் இருந்தது ஒன்றுதான். அண்ணை மீது ஒரு பழியும் வரக்கூடாது. அவர் எவ்வளவு நல்ல தலைவர், குழு அவரை எவ்வளவு நேசிக்கிறது என்பது இந்த அதிகாரிக்குப் புரிய வேண்டும். ஆகவே இப்படி எழுதினேன்:

"குழுத்தலைவரின் நிரந்தர நியமனத்துக்குப் பாதகம் வரக்கூடாது என்பதற்காகவே நான் அபாய ஒலியை எழுப்பாமல் இருந்தேன். எங்கள் குழுவில் எவராக இருந்தாலும் இதையே செய்திருப்பார்கள்."

அவர் இரண்டு தடவை வாசித்தார். "எவராக இருந்தாலுமா?" என்று கேட்டார்.

"எவராக இருந்தாலும்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் அந்த வரிக்குக் கீழே மெதுவாக ஒரு கோடு போட்டார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நம் பள்ளிக்கூடத்தில் நல்ல வரிக்குத்தான் கோடு போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கையெழுத்துக்குக் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த கிழமை ஒரு கடிதம் வந்தது. அந்த வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்வது என்னுடைய பொறுப்பு (படித்தவன் நான்தானே). குசினிச் சாப்பாட்டு மேசையில் அண்ணை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். நான் உறையைக் கிழித்தேன்.

விபத்துக்காக அண்ணையை யாரும் குறை சொல்லவில்லை. ஆள் குறைந்ததும் அவர் ஹோர்ன் அடித்தது மிகச் சரியான செயல் என்று பாராட்டியே இருந்தார்கள். ஆனால் ஒரு தலைவரின் வேலைக்காகத் தங்கள் உயிருக்கு வந்த ஆபத்தையே மறைக்கும் அளவுக்கு ஆட்கள் இருக்கும் ஒரு குழுவை அவரிடம் தொடர்ந்து ஒப்படைக்க முடியாது. ஆதாரமாக, மேற்கோள் குறிக்குள், ஒரு வசனம்.

நான் நிறுத்திவிட்டேன்.

"என்னடா, வாசி" என்றார் அண்ணை.

வாசித்தேன். தமிழிலும் சொன்னேன். எங்கள் குழுவில் எவராக இருந்தாலும் இதையே செய்திருப்பார்கள்.

"உது ஆர் சொன்னது?" என்று அக்கா கேட்டார். "எந்த விசரன்?"

"நான்தான் அக்கா."

அக்கா எழும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, திரும்ப மூடினார். அதற்குள் கேக் இருந்தது. சொல்லிவைத்த கேக்கை வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. மூன்று பேரும் அதை அந்தக் கிழமை முழுவதும் தின்றுகொண்டிருந்தோம்.

நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று அண்ணை முடிவு செய்தார். அதையும் நான்தான் எழுதினேன். வேறு யார் இருக்கிறார்கள்? நான்கு பக்கம். இரண்டே வரியில் பதில் வந்தது.

இப்போது நான் படிப்பை முடித்து வேறொரு நகரத்தில் அலுவலகத்தில் இருக்கிறேன். கண்ணாடிக்குள் உட்கார்ந்து கப்பல்களுக்கு அட்டவணை போடுகிறேன். அண்ணை பட்டியலுக்கே திரும்பிப் போய்விட்டார். பின்னேரம் இரண்டு மணிக்கு நான் எங்கே, எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். என்னுடைய மேலாளர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எந்த விழா நடந்தாலும் இந்தக் கதையை அக்கா சொல்லாமல் விடுவதில்லை. போன மாதம் எசன் நகரத்தில், அக்காவின் தம்பி வீட்டுப் பிறந்தநாளிலும் சொன்னார். நான் எனக்கே அஞ்சலி செலுத்திய இடத்தில் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பீப் பீப்பைப் பிள்ளைகள் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்கள். அக்கா எப்போதும் பீப் பீப்போடு கதையை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்.

அன்று புதிதாக வந்திருந்த ஒருவர் வாயில் பொரித்த ரோல்ஸை வைத்துக்கொண்டு கேட்டார். "பேந்து அந்த வேலை என்ன மாதிரி அண்ணை? கிடைச்சதோ?"

நான் என் தட்டைப் பார்த்தேன். அக்கா தேத்தண்ணிக் கேத்தலைப் பார்த்தார்.

"வேலை கிடைக்கேல்லை" என்றார் சிவநேசன் அண்ணை. "பெடியன் கிடைச்சவன். ஒரே நாளில ரெண்டும் வேணுமெண்டு நிக்கேலாது தானே." ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார். "மாறி, வேலை மட்டும் கிடைச்சிருந்தாலும் வசந்தி ஒண்டும் சொல்லியிருக்க மாட்டாள்."

வீடே சிரித்தது. அக்கா இல்லையென்று சொல்லவில்லை. எழும்பி வந்து என் தட்டில் இன்னொரு ரோல்ஸை வைத்துவிட்டுப் போனார்.